நெட்வொர்க்கிங்கா, அறிவியல் கணிமையா: முதல் வேலையை எதை வைத்துத் தீர்மானிப்பது?

சி மொழி கைக்குப் பழகிவிட்டது. லினக்ஸில் தடுமாற்றமில்லை. வெப்சைட், மொபைல் ஆப் பக்கம் போக மனம் ஒப்பவில்லை. இப்படி இருப்பவர்கள் படிப்பு முடியும் நேரத்தில் பெரும்பாலும் இரண்டு வாசல்களுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒன்று, ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால், லோட் பேலன்சர் இவற்றுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது. மற்றது, வானிலைக் கணிப்பு, காற்றோட்டம், கட்டுமான வலிமை, மூலக்கூறுகளின் அசைவு என்று சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளை எழுதுவது. "எதுக்குங்க ஃப்யூச்சர் அதிகம்?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதற்கு யாராலும் உண்மையான பதில் தர முடியாது. எது உங்களுக்குத் தோதுப்படும் என்பதற்கு ஓரளவு திட்டவட்டமாகப் பதில் சொல்லலாம்.

அதற்கு முன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். நெட்வொர்க்கிங் என்றாலே நம் ஊரில் சிசிஎன்ஏ கோர்ஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது நெட்வொர்க்கை அமைத்துப் பராமரிப்பவருக்கான சான்றிதழ். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள் கோடை எழுதப்போகிறவரிடம் நேர்காணலில் கேட்பதே வேறு. ரிசீவ் அழைப்பு நீங்கள் கேட்ட பைட்டுகளைவிடக் குறைவாகக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு திரெட்கள் ஒரே ஹாஷ் டேபிளில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? இவற்றுக்குச் சான்றிதழ் உதவாது. அதேபோல அறிவியல் கணிமை என்பது டேட்டா சயின்ஸ் இல்லை. பைத்தானில் இரண்டும் ஒரே நூலகத்தைக் கூப்பிடும் என்பதோடு அந்த உறவு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

சம்பளம், கம்பெனி பெயர், ஊர் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பார்க்கத் தவறுவது வேறு ஐந்து.

முதலாவது, பிழை எப்படி முகம் காட்டுகிறது என்பது. முதல் மூன்று ஆண்டுகளில் புதிதாக எழுதும் நேரத்தைவிடப் பிழை தேடும் நேரம்தான் அதிகம். ஒரு துறையில் பிழை கதவைத் தட்டும். இன்னொன்றில் வீட்டுக்குள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைத் தாங்கும் மனம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. மற்ற நான்கு அளவுகோல்களையும் சேர்த்தாலும் இந்த ஒன்றின் எடைக்கு வராது.

இரண்டாவது, என்ன அடிப்படை தேவை, அதை வேலைக்குப் போனபின் கற்க முடியுமா. மூன்றாவது, வீட்டு லேப்டாப்பில் எவ்வளவு தூரம் பழகலாம். நான்காவது, வேலையின் தன்மை: நிரந்தரமா ஒப்பந்தமா, இரவில் போன் வருமா, மேற்படிப்பு இல்லாமல் எங்கே முட்டும். ஐந்தாவது, மூன்று ஆண்டு கழித்து மறுபக்கம் தாவ நினைத்தால் எதைக் கொண்டுபோக முடியும்.

## நெட்வொர்க்கிங்

வேலை. பாக்கெட்டை வாங்கித் தள்ளும் பகுதி ஒன்று, எங்கே தள்ளுவது என்று முடிவெடுக்கும் பகுதி ஒன்று. முதலாவதில் எண்ணிக்கைதான் ராஜா. 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் ஃபிரேம்கள் முழு வேகத்தில் வந்தால், முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்து ஒவ்வொன்றும் கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. கேஷில் இல்லாத ஒரு தகவலுக்காக மெயின் மெமரிக்குப் போய்வரவே அவ்வளவு நேரம் ஆகிவிடலாம். அதனால்தான் கெர்னலைச் சுற்றிக்கொண்டு போகும் டிபிடிகே, கெர்னலின் வாசலிலேயே முடிவெடுக்கும் எக்ஸ்டிபி போன்றவை பிறந்தன. முடிவெடுக்கும் பகுதியில் இந்த அவசரம் இல்லை. அங்கே நிலை மாற்றங்கள், டைமர்கள், அண்டை ரவுட்டர் பாதியில் செத்துப்போனால் என்ன செய்வது போன்ற தலைவலிகள்.

பிழை எப்படித் தெரியும். ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் பாதை) போட்டாயிற்று. பிங் போகிறது. எஸ்எஸ்எச் லாகினும் ஆகிறது. உள்ளே போய் நீளமான ஒரு பட்டியலைக் கேட்டதும் திரை உறைந்துவிடுகிறது. சர்வரில் கோளாறு என்று சர்வர் குழுவும், நெட்வொர்க்கில் கோளாறு என்று மற்றவர்களும் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

நடப்பது இதுதான். சாதாரண ஈதர்நெட்டில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட். விஎக்ஸ்லேன் போன்ற டனல் அதற்குமேல் 50 பைட் தலைப்பு வைக்கும். முழு அளவுப் பாக்கெட் டனலுக்குள் நுழைய முடியாது. "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஒரு ஃபயர்வால் "பாதுகாப்பு" கருதித் தடுத்துவைத்திருக்கிறது. சிறிய பாக்கெட்டுகள் தாண்டிவிடும். பெரியவை அத்தனையும் குழியில் விழும். பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் ஒரே வரிசை எண்ணுள்ள பாக்கெட் மறுபடி மறுபடி அனுப்பப்படுவது தெரியும், ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகும். எம்டியுவை 1450 ஆக்கினால் உடனே சரியாகும். ஃபயர்வாலில் அந்த ஐசிஎம்பி வகையைத் திறப்பதுதான் முறையான தீர்வு.

இங்கே கவனிக்க வேண்டியது, பிழை தானாகவே வெளியே வந்தது. ஏதோ நின்றது, யாரோ கத்தினார்கள். சாட்சியம் கம்பியில் இருந்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆர்எஃப்சி என்று இணைய நெறிமுறைகளை எழுதிவைத்த சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டம் எளிதில் மாறுவதும் இல்லை. 1981இல் வந்த டிசிபி ஆவணத்துக்கு 2022இல்தான் முழுமையான மாற்று வந்தது. இன்று படிப்பது பத்து ஆண்டு கழித்தும் செல்லும்.

அடிப்படை. சி, ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டா ஸ்ட்ரக்சர், கொஞ்சம் நிகழ்தகவு. கோ, ரஸ்ட் இரண்டில் ஒன்று கூடுதல் பலம். வேலைநேரத்திலேயே கற்றுக்கொள்ளக் கூடியவை இவை.

மறைந்திருக்கும் செலவு. பிழை கத்தும் என்றேன். எப்போது கத்தும் என்பது அதன் இஷ்டம். பல பிழைகள் மேசையில் தலைகாட்டாது, வாடிக்கையாளரின் இடத்தில் சுமை ஏறும்போதுதான் வரும். ஒரு உதாரணம். லினக்ஸ் வழக்கமாக வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 போர்ட்டுகளை வைத்திருக்கிறது. இணைப்பை முதலில் மூடும் பக்கத்தில் அந்த போர்ட் 60 நொடி டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் கிடக்கும். ஒரே முகவரிக்கு, ஒரே போர்ட்டுக்கு நொடிக்கு 470க்கு மேல் புதிய இணைப்பு திறந்து மூடிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். பத்து நொடி டெஸ்ட்டில் இது தெரியவே தெரியாது. பண்டிகை விற்பனை இரவில் தெரியும். அந்த இரவில் உங்கள் போன் அடிக்கும்.

இன்னொரு செலவைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. "நெட்வொர்க்கிங் டெவலப்பர்" என்று அழைத்துவிட்டு, ரவுட்டரைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டால் தட்டிப் பார்க்கும் டெஸ்டிங் குழுவில் போடுவது சகஜம். அது கேவலமான வேலை இல்லை. புரோட்டோகால்களை அங்கே நன்றாகவே கற்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் எழுதும் பக்கம் மாறுவது கடினம். கூடவே, கம்பெனியின் சொந்தச் சிப்புக்கான கோடு முழுவதும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருக்கும். நான்கு ஆண்டு எழுதியதில் ஒரு வரியையும் வெளியே காட்ட முடியாது.

யாருக்குப் பொருந்தும். மாதச் சம்பளம் உடனே வேண்டும் என்ற குடும்பச் சூழல், பி.இ.யோடு படிப்பு போதும் என்ற எண்ணம். ஒரு சிக்கலுக்கு "இதுதான் காரணம்" என்று ஆணித்தரமான விடை கிடைத்தால்தான் தூக்கம் வரும் என்ற சுபாவம்.

## அறிவியல் கணிமை

வேலை. இயற்பியலாளரோ பொறியாளரோ சமன்பாட்டைத் தருவார். அதைக் கட்டங்களாகப் பிரித்து, அணிகளாக மாற்றி, ஆயிரம் கோர்களில் ஓடவைப்பது உங்கள் பங்கு. கோடில் பாதி ஃபோர்ட்ரான் என்றால் அதிர்ச்சியடைய வேண்டாம். 1957இல் ஐபிஎம்மிலிருந்து வந்த மொழி, இன்றும் வானிலைத் துறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பழைய பாணி ஃபோர்ட்ரானில் ஒரு வரி 7ஆவது இடத்தில் தொடங்கி 72இல் முடிய வேண்டும். 72க்கு அப்பால் எழுதியதைக் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பிழையென்றும் சொல்லாது. சமன்பாட்டின் கடைசி உறுப்பு அந்தப் பக்கம் போய்விட்டால் சமன்பாடே வேறாகிவிடும். மிச்சமிருப்பது இலக்கணப்படி சரியாக இருந்தால் கோடு ஓடும், விடையும் வரும்.

பிழை எப்படித் தெரியும். பெரும்பாலும் தெரியாது. இந்தத் துறையின் சாரமே இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு சதுரத் தகடு, பக்கம் 1. ஓரங்கள் நான்கிலும் வெப்பநிலை 0. தொடக்கத்தில் நடுவில் உச்சமாக, இரு திசையிலும் சைன் வளைவாக வெப்பம் பரவியிருக்கிறது. வெப்பப் பரவல் கெழு 1. 101 × 101 புள்ளிகள் வைக்கிறோம். புள்ளிகள் 101 என்றால் இடைவெளிகள் 100. எனவே இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 1/100. இதை அவசரத்தில் 1/101 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வேலியும் கம்பமும் கணக்கு, பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொள்ளும் கணக்கு.

நேரம் 0.05 ஆகும்போது நடுப்புள்ளியில் 0.3727 வர வேண்டும். பிழையான கோடு 0.365-ஐ ஒட்டிக் காட்டும். வித்தியாசம் 2 சதவீதம். படம் வரைந்து பார்த்தால் சிவப்பு மெல்ல மஞ்சளாகி நீலமாகும் அதே அழகான வட்டங்கள். கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை. பேராசிரியரிடம் காட்டினால் "பிரமாதம்" என்பார்.

பிடிப்பதற்கு நம்பகமான வழி, கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. அண்டைப் புள்ளிகளை வைத்து அடுத்த கணத்தின் வெப்பநிலையைக் கணக்கிடும் இந்த முறையில், கால அடியையும் இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைத்தால், பிழை கால் பங்காகக் குறைய வேண்டும். இடைவெளியைத் தவறாக எழுதிய கோடில் 2 சதவீதம் 1 சதவீதம் ஆகும், அதாவது பாதிதான் குறையும். குறைகிறதே என்று திருப்திப்பட்டவர் ஏமாந்தார். எந்த விகிதத்தில் குறைகிறது என்று பார்த்தவர் பிழையைப் பிடித்தார். அறிவியல் கணிமையில் டெஸ்டிங் என்பதற்கு முதல் அர்த்தம் இதுதான்.

அடுத்த தொல்லை, எது பிழை என்பதே தெளிவில்லாத நிலை. ஃபுளோட்டிங் பாயின்ட் கூட்டலில் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறும். 64 புராசஸில் ஓட்டியதை 128இல் ஓட்டினால் கூட்டும் வரிசை மாறிவிடுகிறது, விடையும் துளி மாறுகிறது. இது இயல்பானதா, அல்லது இரண்டு புராசஸ்கள் எல்லைத் தகவலைத் தப்பாகப் பரிமாறிக்கொள்கின்றனவா? டபுள் வகை எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியம் உண்டு. அணியின் கண்டிஷன் நம்பர் (உள்ளீட்டின் சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்ற அளவு) 10,000,000,000 என்றால் அதில் 10 இலக்கம் வரை காலி. நம்பத்தக்கவை 6 என்று வைத்துக்கொள்ளலாம். 12ஆவது இலக்கத்தில் வேறுபாடு என்றால் விட்டுவிடலாம். 4ஆவதில் என்றால் அன்று வீட்டுக்குப் போக முடியாது. இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் ஒன்று எல்லாவற்றையும் "ரவுண்டிங்" என்று தள்ளிவிடுவார், அல்லது ஒன்றுமில்லாததைத் துரத்திக்கொண்டு ஒரு மாதம் போக்குவார்.

அடிப்படை. நேரியல் இயற்கணிதம், எண்வழிப் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள். இவற்றை வேலைக்குப் போனபின் மாலையில் உட்கார்ந்து படித்துவிடலாம் என்று நினைப்பவர்களில் மிகச் சிலரே படிக்கிறார்கள். கணினிப் பக்கம் மெமரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு கேஷ் லைன் 64 பைட், அதில் 8 டபுள் எண்கள். சி மொழி அணியை நிரை நிரையாக அடுக்கும், ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக. லூப்பை மாற்றிப் போட்டால் பெரிய அணியில் வரவழைத்த எட்டில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு ஏழை எறிகிறீர்கள். அல்காரிதம் அதேதான், வேகம் பல மடங்கு சரியும். அணிப் பெருக்கலைச் சொந்தமாக எழுதவும் வேண்டாம். அணிக் கணக்குக்கான நூலகங்களில் பிளாஸ் 1979இலிருந்தும் லேபேக் 1992இலிருந்தும் இருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவு. முப்பரிமாணக் கட்டத்தின் இடைவெளியைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு. அலை, ஓட்டம் போன்ற கணக்குகளில் கால அடியும் பாதியாக வேண்டும் என்பதால் மொத்த வேலை 16 மடங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்தது மறுநாள் காலைக்குத்தான் வரும். கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) வரிசையில் நின்று, உங்கள் முறை வந்து, ஓடத் தொடங்கி, நேர வரம்பு முடிந்ததும், வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருள் கொன்றுவிடும். நடுநடுவே நிலையைச் சேமிக்காமல் விட்டிருந்தால் அத்தனையும் போச்சு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கம்பைல் செய்து பார்த்துப் பழகிய கைக்கு இது பெரிய தண்டனை.

கோர்களைக் கூட்டினால் வேகம் கூடும் என்பதும் ஓரளவுக்குத்தான். கோடில் 5 சதவீதம் பிரிக்க முடியாத பகுதி என்றால் 64 கோரில் கிடைப்பது 15.4 மடங்கு. எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 20ஐத் தாண்டாது. பைத்தான்காரர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று: 16 கோர் மெஷினில் 16 புராசஸ் திறப்பார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நம்பை நூலகம் கூப்பிடும் பிளாஸ் தானாக 16 திரெட் திறக்கும். மொத்தம் 256 திரெட்கள் 16 நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். ஒற்றைப் புராசஸைவிட மெதுவாக ஓடுவதும் உண்டு. புராசஸுக்கு 1 திரெட் என்று ஓப்பன்எம்பி மாறியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இவற்றைவிடப் பெரிய செலவு பதவியின் தன்மை. ஆய்வு நிறுவனங்களில் தொடக்கநிலைப் பணிகள் பெரும்பாலும் புராஜெக்ட் பதவிகள். நிதி இருக்கும்வரை நீட்டிப்பு, அதன்பின் வேறு இடம். கட்டுரை வெளியாகும்போது சமன்பாடு தந்தவர் பெயர் முன்னால் வரும், கோடு எழுதியவர் பெயர் நன்றி நவிலலில் வரும், சிலசமயம் அதுவும் வராது. பிஎச்டி இல்லாமல் ஓர் இடத்துக்குமேல் ஏறுவது கடினம். மேத்வொர்க்ஸ், ஆன்சிஸ், என்விடியா போன்ற தனியார் இடங்களில் நிரந்தர வேலை உண்டு, அங்கேயும் எம்.டெக். தகுதியோடு வருபவர்களோடுதான் போட்டி. புணேயில் 1988இல் தொடங்கி 1991இல் பரம் 8000 சூப்பர்கம்ப்யூட்டரைக் கொடுத்த அரசு ஆய்வு நிறுவனம் சி-டாக் ஒரு நடுவழி. 2015இல் அறிவித்த தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷனுக்குப் பிறகு ஐஐடிகளிலும் ஐஐஎஸ்சியிலும் கிளஸ்டர்கள் பெருகியிருக்கின்றன. 2022இல் ஐஐஎஸ்சியில் வந்த பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப்ஸ். மெஷின் வாங்கும் வேகத்துக்கு, அதில் நன்றாக ஓடும் கோடை எழுதுபவர்களை வளர்ப்பதில்லை என்பது வேறு ஆதங்கம்.

யாருக்குப் பொருந்தும். கல்லூரிக் கணிதம் இன்னும் துருப்பிடிக்காதவர். மேற்படிப்பு யோசனை உள்ளவர். வந்த விடையை நம்பாமல் இருப்பதை அலுப்பாக நினைக்காதவர். இரண்டு மூன்று ஆண்டு வருமானம் குறைந்தாலும் வீடு தாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## இரண்டும் சந்திக்கும் இடம்

இந்த இரண்டு துறைகளும் அண்ணன் தம்பிகள். 1986இல் அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் வலையமைப்பு 56 கிலோபிட் வேகத்தில் தொடங்கியது சூப்பர்கம்ப்யூட்டர் மையங்களை இணைக்கத்தான். அதே ஆண்டு அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு இடிந்து விழுந்தது. ஏன் என்று தேடிப்போன வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டு முறையின் வாரிசுகள்தான் இன்று உங்கள் போனிலும் ஓடுகின்றன. டிசிபிடம்ப் பிறந்ததும் அதே ஆய்வகத்தில்.

இன்று அந்தச் சந்திப்பு இரண்டு விதத்தில் வேலை தருகிறது. ஒன்று, பெரிய தரவை நகர்த்துவது. ஒரு பெட்டாபைட்டை 10 ஜிகாபிட்டில் நிறைவான வேகத்தில் அனுப்பினாலே 9 நாள் ஆகும். நடுவில் ஒரு ஃபயர்வால் பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் அளவைக் கூட்டும் டிசிபியின் விண்டோ ஸ்கேலிங்கை உருவிவிட்டால், 100 மில்லி நொடி தூரத்தில் ஓர் இணைப்புக்குக் கிடைப்பது 5 மெகாபிட் சொச்சம்தான். 64 கிலோபைட்டுக்கு மேல் வழியில் இருக்க முடியாது என்பதே காரணம். இன்னொன்று, கிளஸ்டருக்குள் கோர்களும் ஜிபியுக்களும் பேசிக்கொள்ளும் பாதை: அதிவேக இணைப்பான இன்ஃபினிபேண்ட், அடுத்த கணினியின் மெமரியை நேரடியாகத் தொடும் ஆர்டிஎம்ஏ, புராசஸ்கள் செய்தி பரிமாற உதவும் எம்பிஐ நூலகங்கள். என்விடியா ஏறத்தாழ 700 கோடி டாலர் கொடுத்து 2020இல் இன்ஃபினிபேண்ட் கருவிகள் செய்யும் மெலனாக்ஸை வாங்கி முடித்ததும் இந்தப் பாதைக்காகத்தான்.

கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் முதல் வேலையாக இது அரிதாகவே கிடைக்கும், குழுக்கள் சிறியவை. வீட்டில் பழகவும் வழி குறைவு. ஆர்டிஎம்ஏவைச் சாதாரண கார்டில் மென்பொருளாக ஓட்டலாம், கோடு சரியா என்று பார்க்க உதவுமே தவிர வேகத்தை அளக்க உதவாது. எம்பிஐ மட்டும் லேப்டாப்பிலேயே ஓடும். இரண்டில் ஒன்றில் காலூன்றியபின் வந்து சேரும் இடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நெட்வொர்க்கிங் | அறிவியல் கணிமை | சந்திப்பு |
|---|---|---|---|
| பிழை | நிற்கும், உறையும். சுமையில் வரும் | விடை தவறாக வரும், சத்தமில்லை | மெதுவாகும். ஏன் என்று தெரியாது |
| தீர்ப்பு சொல்வது | ஆர்எஃப்சி, பாக்கெட் பதிவு | தெரிந்த விடை, பிழை குறையும் விகிதம் | அளவீடு |
| வேலையில் கற்க முடியாதது | அதிகமில்லை | கணிதம் | இரண்டில் ஒன்றின் ஆழம் |
| வீட்டில் பழக | லேப்டாப் போதும் | சிறிய கணக்குக்குப் போதும் | எம்பிஐ மட்டும் |
| மறைசெலவு | இரவு அழைப்பு, டெஸ்டிங் பக்கம் தேக்கம் | ஒப்பந்தப் பதவி, பிஎச்டி | குறைந்த இடங்கள் |

தாவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவியல் கணிமையிலிருந்து நெட்வொர்க்கிங் வருபவர் கெர்னல், சாக்கெட், லாக் என்று ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் நேர்காணலைத் தாண்டிவிடலாம். மெமரி, பேரலல் பற்றிய அறிவு கூடவே வரும். எதிர்த்திசையில் வருபவரைக் கணிதம் வழிமறிக்கும். எனவே இரண்டுக்கும் மனம் சமமாக இருந்து, வீட்டு நிலையும் அனுமதித்தால், அறிவியல் கணிமையில் தொடங்குவதே என் பரிந்துரை. வீட்டு நிலை அனுமதிக்காவிட்டால் இந்தப் பரிந்துரையைத் தயங்காமல் ஒதுக்கிவிட்டு நெட்வொர்க்கிங் போங்கள்.

## கையெழுத்துப் போடுமுன் நான்கு வார இறுதிகள்

முதல் இரண்டு நெட்வொர்க்கிங்குக்கு. ஒரே லினக்ஸ் லேப்டாப்பில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனிக் கணினி போல நடக்கும் நெட்வொர்க் பகுதிகள்) உருவாக்கி, வெத் என்ற மெய்நிகர் கம்பி ஜோடியால் இணையுங்கள். தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் கொண்டு இரு பக்கமும் 50 மில்லி நொடி தாமதம், அனுப்பும் பக்கத்தில் 1 சதவீத இழப்பு. ரீனோ என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையைத் தேர்ந்து, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். இழப்பையும் தாமதத்தையும் வைத்து டிசிபி வேகத்தைக் கணிக்கும் சூத்திரப்படி 1 முதல் 1.5 மெகாபிட் வர வேண்டும். அதைவிட மிக அதிகமாக வரும். காரணம், செக்மென்டேஷன் ஆஃப்லோட் இயங்குவதால் நெட்எம் பார்ப்பது 1500 பைட் பாக்கெட்டை இல்லை, 64 கிலோபைட் வரை திரண்ட மூட்டையை. இழப்பும் மூட்டைக் கணக்கில்தான் நடக்கிறது. டிசிபிடம்ப்பில் நீளத்தைப் பாருங்கள், தெரியும். ஈத்டூல் மூலம் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற அந்த ஆஃப்லோட் வகைகள் இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் எண் இறங்கிவரும்.

பிறகு இழப்பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். 240 மெகாபிட் பக்கம் முட்டும். நெட்எம் வரிசையில் வழக்கமாக 1000 பாக்கெட்டுக்குத்தான் இடம். 50 மில்லி நொடிக்கு 1000 × 1500 பைட் என்று வைத்து நொடிக்கு எத்தனை பிட் என்று கணக்கிட்டால் அதே எண். இந்த இரண்டு காரணங்களையும் நீங்களே தோண்டி எடுக்கும்போது உற்சாகம் வந்ததா, எரிச்சல் வந்ததா என்று குறித்துவையுங்கள்.

அடுத்த இரண்டு, மேலே சொன்ன தகட்டுக்கு. 101 × 101 கட்டம், கால அடி 0.000025, 2000 அடிகள். சுமார் 2 கோடிப் புள்ளிக் கணக்கு. முதலில் வெறும் பைத்தான் லூப், பிறகு நம்பை, பிறகு சி. கட்டம் 201 × 201 ஆகும்போது கால அடி கால் பங்காகி, அடிகள் 8000 ஆகி, வேலை 32 கோடியாகும். லூப்பின் வலி அப்போது புரியும். கால அடியை மட்டும் 0.00003 ஆக்கிப் பாருங்கள். நிலைத்தன்மை எல்லை 0.000025, அதைத் தாண்டினால் சில நூறு அடிகளில் செஸ் பலகை போலக் கட்டங்கள் தோன்றி எண்கள் வெடிக்கும். வெடிக்கும் பிழை நல்ல பிழை. பிறகு கால அடியை 0.00002 ஆகக் குறைத்து, அடிகளை 2500 ஆக்கி, இடைவெளியை வேண்டுமென்றே 1/101 என்று வைத்து, வெடிக்காத பிழையைப் பாருங்கள்.

நேர்காணல் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நெட்வொர்க்கிங் இடத்தில் கேளுங்கள்: சேரும் குழு எழுதுவதா சோதிப்பதா, ஆன்-கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, கடைசியாக வாடிக்கையாளரிடம் வந்த பிழையை மேசையில் மறுபடி வரவழைக்க எத்தனை நாள் ஆனது. அறிவியல் கணிமை இடத்தில் கேளுங்கள்: பதவிக்கு நிதி எந்த மாதம் வரை, கோடுக்கு வெர்ஷன் கன்ட்ரோல் இருக்கிறதா, விடை சரி என்பதை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு "சாரே பார்த்துச் சொல்லிடுவார்" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் முதல் ஆறு மாதம் நீங்கள் செய்யப்போவது டெஸ்ட் எழுதுவதுதான். அதையே கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள்.